நாப்பது பெட்டியில கருவாடு

…உப்பு ஏத்துன பெட்டிக்குள்ள கருவாடு எப்படிவே வந்துச்சுன்னு கஸ்டம்ஸ்காரன் கேக்கான் அண்ணாச்சி! நெசப் பெட்டியில உப்புதான், எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் லிஸ்ட்டுலதான் கருவாடு. நாப்பது கன்டெய்னர், நாப்பதுலயும் கருவாடு! கப்பல் போயிட்டு, பெட்டி மட்டும் ஹார்பர்ல வெயில்ல காயுது. எல்லாம் அந்த ஜெபிஷா புண்ணியம். புதுசா வந்த பிள்ளை. நேத்து வேலைய விட்டுத் தூக்கியாச்சு. ஆபீஸ் லேப்டாப்ப வாங்கிட்டு வாலேன்னு மொதலாளி என்னிய அந்தப் பிள்ளை ஊரு நாசரேத்துக்கு பஸ் ஏத்தி விட்டுட்டாரு. சீனியரு பாருங்க… சொமக்கத்தான் சீனியரு!

ஜாவாஸ்கிரிப்ட் தெரியுமா? தெரியாதா… நல்லாருப்பிய. கேளுங்க. மொதல்ல ஒரு மாதிரிப் பெட்டி எழுதி வச்சிருவோம். புரோட்டோடைப்பும்பாங்க. அப்புறம் அதக் காட்டிப் புதுப் பெட்டி உண்டாக்குவோம். காப்பி எடுக்கும்னு நெனச்சிய… போச்சு! அது வெறும் பெட்டி. நீளம் என்னன்னு கேட்டா, ‘எங்கிட்ட இல்ல, மாதிரிகிட்ட கேளு’ங்கும். அங்கனயும் இல்லன்னா அதுக்கு மேல இருக்கதுகிட்ட. மேல ஆளே இல்லன்னா, தெரியாதுன்னு கைய விரிச்சிரும். எங்க ஆபீஸேதான்!

ஒரு பெட்டிக்கு நம்பர் எழுதுனா அது அந்தப் பெட்டியிலயே நிக்கும், மாதிரியத் தொடாது. ஆனா சரக்கு லிஸ்ட்ட மாதிரியில வச்சிட்டோம்னு வைங்க… ஒரு பெட்டியில கருவாடச் சேத்தா, அது மாதிரியோட லிஸ்ட்டுல போயி ஒக்காந்திரும். அப்புறம் எந்தப் பெட்டியக் கேட்டாலும் கருவாடு, கருவாடு! உண்டாக்கும்போதே ஒவ்வொண்ணுக்கும் தனி லிஸ்ட்டு குடுக்கணும். அம்புட்டுதான் வேலை.

அந்தப் பிள்ளை அழுதுகிட்டே, ‘மாதிரியிலதான் சார் தப்பு’ன்னுச்சு. நான் விட்டனா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்னேன். ஆபீசே சிரிச்சுது.

என்ன கேக்கிய?… மாதிரிய எழுதுனது யாருன்னா?

அது… அது வந்து… இந்த பஸ்ல காத்தே வராதா?

மாதிரிய என்னியத் தவிர ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு செவுத்துல எழுதி ஒட்டுனதே நான்தான் அண்ணாச்சி. கீழ கையெழுத்து வேற. என் தப்புதான்னு முந்தாநாளே பாத்துட்டேன்… வாயத் தொறக்கல. பதினாறு வருச சர்வீசு, பாத்துக்கிடுங்க. வெக்கமா இருக்கு.

அய்யோ, நாசரேத் வந்துட்டே! அந்தா, பிள்ளை ஸ்டாப்புலயே நிக்கு, லேப்டாப்ப நெஞ்சோட புடிச்சுகிட்டு. ‘வாங்க சார், காப்பி குடிங்க’ங்கும்… அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? கூட எறங்குங்களேன், நீங்க ஒரு வார்த்தை சொன்னா… அண்ணாச்சி? ஏ அண்ணாச்சி! எப்ப பின் சீட்டுக்குப் போனிய?

…சரி. மேல கை காட்ட இனி ஆளு இல்ல, கைய விரிக்கவும் முடியாது, நாந்தான் சொல்லணும். கண்டக்டரே, எறங்கணும்.