அட்டை இடது பக்கம்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்துவிட்டீர்கள். முடிந்தால் அந்தப் பக்கம் மாற்றிப் போடுங்கள், நிம்மதியாகப் பேசுவேன். டோரத்தியின் உணவுக்கடையில்கூட எனக்கென்று சுவரோர மேசை ஒன்று காலியாகவே இருக்கும். "உன்னை யாரு சுடப்போறா, ஆர்லன்? சுடணும்னா நான்தான் சுடணும், டிப்ஸ் வைக்காம போறதுக்கு" என்று சொல்லிக்கொண்டே காபி ஊற்றுவாள். நானும் சிரிப்பேன். சிரித்தாலும் கண் வாசலில்தான் இருக்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இந்த மாநிலத்தில் சட்டைக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாட உரிமம் வேண்டும், உரிமம் வேண்டுமென்றால் வகுப்புக்கு வர வேண்டும். லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் அந்த வகுப்பை நடத்துகிறவன் நான். இந்த மாவட்டத்தில் உரிமம் வைத்திருக்கிற பெரும்பாலோர் என்னிடம் படித்தவர்கள். சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுப்பேன். முக்கியமாக, போலீஸ் உங்கள் வண்டியை மறித்தால் என்ன செய்வது என்பதை. அவர் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும்: என்னிடம் உரிமம் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. அது சட்டம். சொல்லும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். அடுத்து அவர் உரிம அட்டையைக் காட்டச் சொல்வார். துப்பாக்கி வலது இடுப்பில் என்றால் அட்டை இடது சட்டைப்பையில் இருக்க வேண்டும். கை துப்பாக்கிப் பக்கம் போகவே கூடாது. "அட்டை இடது, துப்பாக்கி வலது" என்று எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைப்பேன். நரைத்த விவசாயிகள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். "சிரிங்க சிரிங்க. ரோட்டுல நிக்கும்போது சிரிப்பு வராது" என்பேன்.

அந்தச் சமயத்தில் தலைநகரில் ஒரு மசோதா வந்திருந்தது. உரிமம் வேண்டாம், வகுப்பு வேண்டாம், போலீஸிடம் முந்திச் சொல்ல வேண்டிய கட்டாயமும் வேண்டாம். எதிர்த்துப் பேச நானும் பெயர் கொடுத்திருந்தேன். என் பிழைப்பு போய்விடுமே என்று என்னை இங்கே உட்கார வைத்த காரியத்தைச் செய்ததாக ஊரில் பேசுகிறார்களாம். அது இல்லை. தயவுசெய்து அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் கிரெட்சனுக்காகத்தான் செய்தேன். என் மனைவி நோரீன் போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். மாட்டு வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். அவள் கட்டிக்கொண்ட டோபின், மொன்டானாவிலிருந்து வந்து தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவன். எப்போதும் சிரித்த முகம். வீட்டுக் கதவைப் பூட்டவே மாட்டான். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே சந்தேகம்தான். ஒளிக்க ஒன்றுமில்லாத மாதிரி நடக்கிறவன் எதையோ ஒளிக்கிறான் என்பது என் அனுபவம்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரெட்சன் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டியபோது அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி சுற்றிலும் கன்றிப் போயிருந்தது.

"பசு ஈனறப்ப கன்னை வெளிய இழுக்கற சங்கிலிப்பா. தலை திரும்பிக் கெடந்துச்சு, வரவே மாட்டேன்னுடுச்சு" என்றாள்.

"அந்தக் கோவத்துல எனக்கும் சேர்த்து ஒண்ணு விட்டா பாருங்க, தோள் இன்னும் வலிக்குது" என்று டோபின் சிரித்தான். அவளும் சிரித்தாள். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு ஞாயிறு அவள் சாப்பிட வரவில்லை. போனில் பேசும்போது குரலைத் தாழ்த்தினாள். தீவனக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி அவர்கள் வீட்டைக் கவனித்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும், வானொலி பாடும். பயந்து போன பெண்ணும் சிரிப்பாள், அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

பிறகு ஒருநாள் விஷயத்தைச் சொன்னார்கள். டோபினின் அம்மாவுக்கு நடக்க முடியவில்லை, பண்ணையைப் பார்க்க ஆளில்லை. இருவரும் மொன்டானா போகிறார்கள். என்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவ்வளவு நாளும் தயங்கினார்களாம். "நீயும் எங்ககூட வந்துடேன்பா" என்றாள். நான் என் ஊரை விட்டு எங்கே போவது? அவளை நான் பார்க்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோகிறான் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது. 

அதே வாரம் டோபின் என்னிடம் வந்தான். "வாத்தியாரே, போறதுக்கு முன்னாடி உங்க வகுப்புல படிச்சு உரிமம் வாங்கிடறேன். உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு கிரெட்சன் சொன்னா."

வகுப்பு நடக்கிற வாரம் இல்லை. அவனுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல மாணவன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கில் கை வைப்பது, முதலில் வாய் திறந்து சொல்வது, எல்லாவற்றையும் நான் சொன்னபடியே செய்து காட்டினான். கடைசியில் கேட்டான்: "அட்டைய எங்க வெச்சுக்கறது?"

"துப்பாக்கி உறைக்குப் பின்னாடி பெல்ட்டுல செருகிக்க. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா மறக்காது."

"அட, இது நல்ல யோசனையா இருக்கே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நான் சொன்னது ஒரு யோசனை, அவ்வளவுதான். அவன் வயது வந்த ஆள். அட்டை கைக்கு வந்ததும் அவன் வேறு எங்கு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

நடந்தது உங்களிடமே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் ரோந்து போலீஸ், உதவி ஷெரீப் லிண்ட், டோபினின் பிக்கப் வண்டியை மறித்தார். பட்டப்பகல். பின்னால் மூட்டை கட்டிய பெட்டிகள். டோபின் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தான், உரிமம் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது என்று சொன்னான். லிண்ட் அட்டையைக் கேட்டார். "இதோ எடுக்கறேங்க" என்று அவன் கை உறைப் பக்கம் போனது. லிண்ட் பார்த்தது அந்தக் கையைத்தான், சுட்டுவிட்டார்.

மசோதா மீதான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நான் போனேன், வகுப்பு ஏன் அவசியம் என்று பேசினேன். எனக்கு அடுத்து மசோதாவை ஆதரித்துப் பேசியவர் டோபினின் படத்தைத் தூக்கிக் காட்டினார். வகுப்புக்குப் போனான், உரிமம் வாங்கினான், சட்டம் சொன்னபடி வாயைத் திறந்தான், அதனால்தான் செத்தான் என்றார். மசோதா நிறைவேறிவிட்டது. அந்தச் சட்டத்தை இப்போது அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு மாணவனை வைத்து என் வகுப்பையே எடை போட்டதில் எனக்கு வருத்தம்தான். மற்ற எவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லையே.

அதன் பிறகுதான் கிரெட்சன் என் வீட்டுக்கு வந்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த அவன் பொருட்களைச் சமையலறை மேசையில் வைத்தாள். பெல்ட், உறை, உறைக்குப் பின்னால் அந்த அட்டை இன்னும் செருகியபடி. நான் ஊற்றிக்கொடுத்த காபியை அவள் தொடவில்லை.

"அப்பா, உன் அட்டை எங்க?" என்று கேட்டாள்.

யோசிக்கவே இல்லை. என் கை இடது சட்டைப்பைக்குப் போய்த் தட்டியது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட என்ன சொன்ன?"

"எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொன்னேன்."

"நீ எல்லாருக்கும் சொல்றது எனக்குச் சின்ன வயசுலேருந்து மனப்பாடம்பா. அவன் என்கிட்ட வந்து, உங்கப்பா எனக்கு மட்டும் ஒரு தனி யோசனை சொன்னாருன்னு பெருமையா சொன்னான். உனக்கு அவனைப் புடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்." அழுதிருந்தால் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பேன். அவள் அழவில்லை. பொருட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

சர்ச் அலுவலகத்தின் போனைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். நீல நிறப் பிக்கப்பில் ஒருத்தன் போகிறவர் வருகிறவரிடம் துப்பாக்கியை நீட்டுகிறான் என்று அன்று ஷெரீப் அலுவலகத்துக்குச் சொன்னது நான்தான். பெயர் சொல்லவில்லை. டோபின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்புவதை டோரத்தி கடை ஜன்னலில் பார்த்தேன், பாதிக் காபியோடு எழுந்து சர்ச்சுக்கு நடந்தேன். அந்த மதியம் ரோந்தில் லிண்ட் இருப்பார் என்று அவர் அம்மா முந்தின ஞாயிறு சொல்லியிருந்தாள். லிண்டும் என் மாணவர்தான். பதற்றக்காரர், குறிப்பலகையைப் பார்த்துச் சுடப் பழகும்போதே நான் சொல்லும் முன் சுட்டுவிடுவார். இப்போது வேலையை விட்டுவிட்டுத் தானிய லாரி ஓட்டுகிறாராம், பாவம். யோசனை சொன்னது, போன் செய்தது, லிண்ட் என்று தெரிந்தே செய்தது, மூன்றும் நான்தான். கையெழுத்தும் போடுகிறேன்.

அடக்கத்தின்போது மாட்டு வைத்தியர் என்னிடம் வந்து பேசினார். இந்த முறை கன்று ஈனும் பருவம் ரொம்ப மோசம், கிரெட்சன் கையெல்லாம் சங்கிலித் தழும்பு, பாவம் டோபின்தான் தினமும் மருந்து போட்டுவிட்டான் என்றார். கேட்டுக்கொண்டேன். ஒரு கன்றை வைத்து என் மற்ற சந்தேகமெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான், அதில் நீங்கள் உதவ வேண்டும். அவள் வீட்டுப் பூட்டுகளையெல்லாம் மாற்றிவிட்டாளாம். என் சமையலறையிலிருந்து போன அதே வாரம் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாளாம், சர்ச்சுக்குக்கூட அதோடுதான் வருகிறாள் என்று டோரத்தி சொன்னாள். புதுச் சட்டப்படி உரிமமும் வேண்டாம், வகுப்பும் வேண்டாமே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த ஊரில் அவளுக்கு ஒரு பகை கிடையாது. யாருக்குப் பயந்து அதைச் சுமக்கிறாள் என்று உங்களிடம் சொல்லியிருந்தால், பெயரை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். அந்த ஆளை நான் கவனித்துக்கொள்கிறேன்.