கட்டிய கைகளை அவிழ்த்துவிட்ட சைதூன் டீச்சருக்கு

திருப்போரூர் வட்டாரத்து நெய்தல் சிறார் மையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் சிறப்பாசிரியராகச் சீரும் சிறப்புமாய்ப் பணியாற்றி, இன்றோடு பணி நிறைவு பெறும் எங்கள் சைதூன் டீச்சர் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து படித்தளிக்கும் மடல்.

கோவளத்தில் பிறந்து, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, நாள் தவறாமல் ஒன்பது மணிக்கு முன்பே நம் வாசல் திறந்த கடமையே! ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குறிப்பறிந்து, குணமறிந்து, குரலில்லாத இடத்திலும் கருத்துண்டு என்று கண்டறிந்து காட்டிய கனிவே! உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

பொறுமையின் சிகரமே!

என்றுதான் எந்த மடலும் தொடரும். உங்களை அப்படி அழைத்தால் இந்த அவையே சிரிக்கும். ஆண்டுவிழாவுக்கு வந்த ஒலிபெருக்கிக்காரரை இறங்கவே விடாமல் ஆட்டோவோடு திருப்பி அனுப்பியவர் நீங்கள். அழைப்பிதழில் 'மழலை மொட்டுகள்' என்று அச்சடித்து வந்தபோது, மீசை முளைத்த பையன் மொட்டா என்று கேட்டு, அத்தனை இதழ்களையும் மடித்துக் கைவேலைக் காகிதமாக்கியவர் நீங்கள். உங்கள் பொறுமை எல்லாம் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு மிஞ்சியது முன்கோபம் மட்டும். அதற்கும் நன்றி.

சென்ற வாரம் நம் சிநேகாவின் தந்தை பூபாலன், எங்கள் எதிரிலேயே உங்களிடம் ஒன்று கேட்டார். "நீங்க போய்ட்டா, எம் பொண்ண மறுபடியும் கையக் கட்டிகினு ஒக்காரச் சொல்லுவாங்களா மேடம்?" நீங்கள் எங்களைக் கைகாட்டினீர்கள். அப்போது நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். இந்த மடலில் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தவறை மறைக்காத தகைமையே!

மடல் எழுதப்போகிறோம் என்று தெரிந்ததும் நீங்கள் விதித்த நிபந்தனை ஒன்றுதான். "நா செஞ்ச தப்பையும் அதுல எழுதணும். இல்லன்னா மடல பிரேம் போட்டு இங்கியே மாட்டிக்குங்க. நா வூட்டுக்கு எடுத்துகினு போவ மாட்டேன்." பாராட்டு மடலில் குற்றம் எழுதுவது மங்கலமாக இராதே என்று எங்களில் மூத்தவரான ஆயா தெய்வநாயகி அம்மாள் தயங்கினார். ஆனால் அந்தத் தவறு நம் எல்லோருடையதும் என்பதால் எழுதுகிறோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஆறு வயதில் சிநேகா இங்கே சேர்ந்தாள். மகிழ்ச்சி வந்தாலும் கலக்கம் வந்தாலும் இரு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கிப் படபடவென உதறுவாள். அதை நிறுத்துவதுதான் நம் வேலை என்று அன்று எல்லோரும் நம்பினோம். கைகட்டிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அட்டையில் ஒரு நட்சத்திரம். கண்ணைப் பார்த்தால் இன்னொன்று. நாற்பத்திரண்டு நட்சத்திரம் வாங்கியவள் என்று அவள் படத்தைப் பலகையில் ஒட்டினோம். பார்வையிட வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவள் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று நட்சத்திரம் கொடுத்தோம். சாப்பாட்டு வேளையில் ஷூவைக் கழற்றினால் உள்ளே செவ்வெறும்புக் கூட்டம்; பாதம் முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது. அவள் கத்தவில்லை, கையை உதறவில்லை. அப்படித்தானே நாம் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய், நின்றபடியே சொன்னீர்கள்: "வலிச்சாலும் அசையாதன்னு உம் பொண்ணுக்குக் கத்துக்குடுத்தவ நாந்தான் தம்பி. இனிமே அப்டி யாரு சொன்னாலும் கேக்காத." பூபாலன் மகளை இனி அனுப்புவாரா என்றே நமக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, மறைமலைநகர் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு அவரே அவளைக் கொண்டுவந்து விட்டார். அவர் கழுத்தில் மஞ்சள் காதுமூடி தொங்கியது. மெஷின் சத்தத்துக்கு இவர் காதை மூடினால் பாதுகாப்பு, மிக்ஸி சத்தத்துக்கு இவர் மகள் காதைப் பொத்தினால் கோளாறா என்று எங்களைக் கேட்டீர்கள். கைகட்டுவதற்கான நட்சத்திரம் அன்றே நின்றது; அந்த மாதமே ஆறு காதுமூடிகள் வந்தன. அவற்றை மாட்டிக்கொண்டுதான் நம் பிள்ளைகள் முட்டுக்காட்டில் முதன்முதலாகப் படகேறினார்கள். அன்று பயந்து கத்தியது இயன்முறை மருத்துவர் தர்மராஜ் மட்டுமே.

கற்பித்த பின்னும் கற்க நாணாத கல்வியே!

நம் படிப்பில் இல்லாததைக் கேட்க, சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் உவைஸை அழைத்துவந்தீர்கள். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. மின்விசிறியைப் பார்த்தபடியே ஒன்றரை மணி நேரம் பேசினார். "மூஞ்சியப் பாருன்னா பாத்துடுவேன். ஆனா அப்போ நீங்க சொல்றது காதுல ஏறாது. ரெண்டுல உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார். மறுநாளே கண்ணைப் பார்ப்பதற்கான நட்சத்திரமும் நின்றது.

இது குணமாகுமா என்று கேட்டுவரும் பெற்றோரிடம், நோயாக இருந்தால்தானே குணமாக என்று நேரே சொன்னீர்கள். அதற்காகப் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடவும் இல்லை. பொத்தான் போட, பஸ் ஏற, பசியைச் சொல்ல வருடக்கணக்கில் பழக்கினீர்கள். பேச்சுக்குப் பதில் எடுத்துக் காட்டும் பட அட்டைகளில், ஒவ்வொரு பிள்ளைக்கும் நீங்கள் முதலில் கற்றுத்தந்தது 'வேண்டாம்'. இரண்டாவது 'வலி'. பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பிள்ளையைக் கண்டுதான் நீங்கள் கவலைப்பட்டீர்கள்.

சென்ற மார்கழியில் சிநேகா வகுப்பு நடுவே கைகளை வேகமாக உதறினாள். எழுந்துவந்து 'வலி' அட்டையை உங்கள் கையில் திணித்துக் காதைத் தொட்டாள். உள்ளே சீழ் பிடித்திருப்பதாகவும், நல்ல வேளையாக அழைத்துவந்தீர்கள் என்றும் மருத்துவர் சொன்னார். இத்தனை வருடத்தில் எங்கள் முன்னால் அழாத நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதீர்கள். நாங்களும் அழுதோம்.

பிரிவையும் பாடமாக்கிய பெருமாட்டியே!

நம் சுவரில் அன்றாடம் நடப்பதைக் காட்டும் பட வரிசையில் முதல் படம் உங்களுடையது. திடீர் மாற்றம் பிள்ளைகளை உலுக்கிவிடும் என்பதால், இரண்டு மாதமாகக் காலண்டரில் கோடு போட்டு, நீங்கள் வராத நாளை நீங்களே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். இந்த மடல் முடிந்ததும் சிநேகா அந்தப் படத்தைக் கழற்றி உங்களிடம் தர வேண்டும். தருவாள் என்று நினைக்கிறோம். தராமலும் போகலாம். கத்தலாம், ஓடலாம், கைகளை உதறலாம். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம். இந்த அவையில் யாரும் அவள் கைகளைப் பிடிக்க மாட்டோம். நீங்கள் இல்லாத திங்கட்கிழமையும் பிடிக்க மாட்டோம். பூபாலன் அவர்களே, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்.

டீச்சர், மூட்டுவலி விலகி, முன்கோபம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்க, கோவளக் கரையில் பேரப்பிள்ளைகளோடு நெடுங்காலம் நலமாக நடந்துவர மனமார வாழ்த்துகிறோம். நாங்கள் தவறினால் அந்த முன்கோபத்தோடு பஸ் ஏறி வாருங்கள்.

அவையோருக்கு ஒரு வேண்டுகோள். இங்கே கைதட்டும் வழக்கமில்லை. அந்த ஓசை பிள்ளைகளுக்கு ஆகாது. மகிழ்ச்சியைக் காட்ட நாங்கள் சிநேகாவிடம் கற்ற முறை ஒன்று உண்டு. எல்லோரும் எழுந்து, இரு கைகளையும் தோளுயரத்துக்குத் தூக்கி, வேண்டிய மட்டும் உதறுங்கள்.

இங்ஙனம்,
தர்மராஜ், தெய்வநாயகி, ரூத், பெஞ்சமின்
மற்றும் உங்களிடம் திட்டு வாங்கிய அனைவரும்,
நெய்தல் சிறார் மையம்.