பத்து மணிக்குள் ஒரு பதில்

டெனா: அந்தப் பதினொண்ணாம் நம்பர் சட்டையில கறை அப்படியே இருக்கு பாரு. திரும்பப் போடு.

வெர்னன்: இந்த மிஷின்ல இன்னொரு தடவை போட்டா கறை போகாது, நம்பர்தான் போகும். அது கிடக்கட்டும். உன் போன் அடிக்குது.

டெனா: அடிக்கட்டும். அந்தப் பேப்பர் நிருபர்தான். காலைலேர்ந்து ஆறு தடவை.

வெர்னன்: உன்னைக் கோச்சா வரச் சொல்ற டன்மோர் காலேஜ்காரங்களா இருக்கப்போகுது... பார்த்துச் சொல்லு.

டெனா: பார்த்துட்டேன்ப்பா. அவன்தான்.

வெர்னன்: மணி ஒம்போதாகப் போகுது. பத்துக்குள்ள முடிவாகணும்னு நேத்து நீதானே சொன்னே? பத்து மணிக்கு நம்ம டீம் பொண்ணுங்க பன்னெண்டு பேரும் ஜிம்முல வந்து உக்காந்துடுவாங்க. இருக்கேன்னு சொல்லப்போறியா, போறேன்னு சொல்லப்போறியா?

டெனா: அதைத்தான்... வெர்னன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

வெர்னன்: முதல்ல இந்த டிரையரை ஒரு உதை விடு. நின்னு போச்சு.

டெனா: நீயே உதை.

வெர்னன்: தலைமைக் கோச் உதைச்சாத்தான் அது ஓடும். நான் வெறும் உதவிக் கோச். எங்க மரியாதையெல்லாம் அதுக்குத் தெரியாது... ஆ, ஓடுது பாரு. டன்மோர்ல சட்டை துவைக்கவே நாலு பேராம், தெரியுமா?

டெனா: ரெண்டு பேர்.

வெர்னன்: எண்ணிக்கூட வச்சிருக்கே. அப்புறம் என்ன யோசனை? அங்க தனி விமானம். நாம எட்டு மணி நேரம் பஸ்ல போய், கால் வீங்கி இறங்கி, அப்படியே மேட்ச் ஆடறோம். ஹீட்டர் கெட்டுப்போய் பொண்ணுங்க எல்லாம் ஒரே போர்வைக்குள்ள உக்காந்து வந்தாங்களே, போன மாசம்.

டெனா: அன்னிக்கு எப்படிப் பாடிட்டு வந்தாங்க.

வெர்னன்: குளிர்ல பல்லு தந்தியடிச்சுது, நீ அதைப் பாட்டுன்னு நினைச்சுட்டே.

டெனா: எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசு வரலை வெர்னன்.

வெர்னன்: மனசு வரலைன்னா கீலியை நினைச்சுக்கோ. பதினேழு வயசுல, கூடைப்பந்தை ஒழுங்கா பிடிக்கத் தெரியாம வந்தா. மூணு வருஷம் காலைல அஞ்சரைக்கு எழுந்து அவளுக்குச் சொல்லிக்குடுத்தே. லீக்லயே அவதான் முதல்னு ஆனதும், போன வசந்தத்துல ஒரு பணக்கார டீம் கொத்திட்டுப் போயிடுச்சு.

டெனா: அவ மேல எனக்குக் கோவமில்ல. போறப்ப என்னைக் கட்டிப்பிடிச்சுட்டு அழுதா. வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்புறாளாம், தம்பிங்க படிக்கிறாங்க.

வெர்னன்: நானும் கோவம்னு சொல்லலையே. அவளுக்குச் சரின்னா உனக்கும் சரி. அதைத்தான் சொல்றேன். இங்க இருந்தா நீ வருஷா வருஷம் நட்டு வளர்ப்பே, அவங்க வந்து பறிச்சுட்டுப் போவாங்க. நீ ஒரு தடவையாவது உன் செடி காய்க்கிறதைப் பார்க்க வேண்டாமா?

டெனா: பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் முதல் வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கா?

வெர்னன்: மறக்கிற மாதிரியா இருந்துச்சு. இருபத்தெட்டு மேட்ச், மூணு ஜெயிச்சோம்.

டெனா: வேற எந்தக் காலேஜா இருந்தாலும் மார்ச் மாசமே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பாங்க. நான் கட்டியே வச்சிருந்தேன். நம்ம காலேஜ் பிரசிடென்ட் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் நாலு ஜெயிச்சா போதும், டெனா"ன்னார். நான் வெளியே வந்து கார்ல உக்காந்து அரை மணி நேரம் அழுதேன்.

வெர்னன்: அடுத்த வருஷம் அஞ்சு ஜெயிச்சோம். ஒண்ணு அதிகமாவே குடுத்துட்டோம் அவருக்கு. கணக்கு தீர்ந்துச்சு.

டெனா: எப்படித் தீரும்? என் புருஷன் வேட், லெக்ஸிங்டன் ஆஸ்பத்திரில மூணு மாசம் கிடந்தானே, அப்போ? ஒரு நாள்கூட என் வீட்டு அடுப்பை நான் பத்த வைக்கலை. ராத்திரி வந்தா வாசல்ல பீன்ஸும் சோள ரொட்டியும் மூடி வச்சிருக்கும். யாரு வச்சாங்கன்னு ஒரு சீட்டுகூட இருக்காது. பாத்திரத்தை யாருக்குத் திருப்பிக் குடுக்கிறதுன்னே தெரியாம இன்னும் பதினாலு பாத்திரம் என் வீட்டுல இருக்கு.

வெர்னன்: அதுல நீல மூடி போட்டது எங்க வீட்டுது. என் பொண்டாட்டி ரீனா தேடிட்டு இருக்கா.

டெனா: இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் சொல்றியா.

வெர்னன்: இப்பத்தானே கிளம்புறே.

டெனா: கிளம்புறேன்னு நான் சொல்லவே இல்ல... என் புருஷன் பொழைச்சு எழுந்து நடக்கிறான்னா, பாதி டாக்டர், பாதி இந்த ஊரு. என் பையன் டோபி அந்த மூணு மாசமும் உன் வீட்டுலதான் தூங்கினான். இதையெல்லாம் விட்டுட்டு, விமானம் இருக்கு, சட்டை துவைக்க ஆள் இருக்குன்னு போனா நான் என்ன மனுஷி?

வெர்னன்: இங்க பாரு. அன்னிக்கு ரொட்டி சுட்டவங்க யாரும் நீ சாகிற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணும்னு சுடலை. உன் பையன் பசியா இருப்பானேன்னு சுட்டாங்க. அவ்வளவுதான்.

டெனா: ம்...

வெர்னன்: நன்றின்னு பார்த்தா நானும்தான் சொல்லணும். நான் வேலை பார்த்த சுரங்கத்தை மூடினப்ப முப்பத்தஞ்சு வயசு எனக்கு. ஸ்கூல் பொண்ணுங்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை பந்து போடச் சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன், அதுவும் சும்மா. நீ அந்த மைதானத்துக்கு வந்து நின்னு பார்த்துட்டு, "எங்கூட வேலை பார்க்கிறியா"ன்னு கேட்டே. அன்னிக்குச் சாயங்காலம் ரீனா மூணு தடவை என்னைக் கேட்டா, நிஜமாவான்னு.

டெனா: எனக்கு ஆள் கிடைக்கலைப்பா. இந்தச் சம்பளத்துக்கு வேற எவன் வருவான்?

வெர்னன்: பார்த்தியா, ஒரு நல்ல வார்த்தை சொல்ல விடமாட்டே.

டெனா: சரி, நான் ஒண்ணு சொல்லணும்னேனே. அங்க போனா உதவிக்கு ஆளுங்களை நானே...

வெர்னன்: ஐயோ, அந்தச் சாக்ஸை இதுல போடாதே. சுருங்கிடும்.

டெனா: சாக்ஸ் எப்பவும் இதுலதானே போடுவோம்.

வெர்னன்: இன்னிக்கு வேண்டாம். அது இருக்கட்டும், போன நவம்பர்ல நடந்ததை யோசிச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வருது. வந்து தோத்துட்டுப் போங்கன்னு டன்மோர் நமக்குப் பணம் குடுத்துக் கூப்பிட்டுச்சு. சின்னக் காலேஜ் எல்லாம் அதுக்குத்தானே போகும். போய், உதை வாங்கி, செக்கை வாங்கி, வீட்டுக்கு வரும். நாம செக்கையும் வாங்கிட்டு ஜெயிச்சுட்டும் வந்துட்டோம்.

டெனா: அந்தச் செக்லதான் ஜிம்முக்குக் கூரை மாத்தினோம்.

வெர்னன்: அவங்க கோச்சுக்கு வேலை போச்சு. இப்ப உன்னையே வந்து காப்பாத்துன்னு கேக்கிறாங்க. பத்தாயிரம் பேர் உக்கார்ற அரங்கம் அன்னிக்கு எப்படி வாயடைச்சுப் போச்சு...

டெனா: எனக்கு அன்னிக்கு ஒரே ஒரு குறைதான். நம்ம ஊர்க்காரங்க யாரும் அதைப் பார்க்கலை. ஹார்டுவேர் கடை க்ளீட்டஸ் ரேடியோவைக் காதுல வச்சுக் கேட்டானாம். பெரிய டீம் எதுவும் நம்ம மார்லோ ஃபோர்க் ஊருக்கு வராது. நாமதான் அவங்க வாசலுக்குப் போகணும்.

வெர்னன்: அவங்க ஏன் வருவாங்க? தொள்ளாயிரம் பேர் உக்கார்ற ஜிம்மு. வந்து ஜெயிச்சா பேர் கிடையாது, தோத்தா மானம் போகும்... மறுபடியும் போன் அடிக்குது.

டெனா: இரு... ஹலோ. ஆமா, டெனாதான்... சொல்லுங்க... ம்... நாலு வருஷமுமா?... எழுத்துல?... தேதியும் போட்டா?... இல்லைங்க, சம்பளத்துல எனக்கு எதுவும் மாத்த வேண்டாம், நீங்க சொன்னதே போதும்... சரி. அப்படின்னா வர்றேன். ரொம்ப நன்றி.

வெர்னன்: வர்றேன்னுட்டே.

டெனா: வர்றேன்னுட்டேன்.

வெர்னன்: அப்பாடா... நல்லாயிரும்மா. கண்ணைத் துடை, சட்டையில துடைக்காதே, அது துவைச்சது. என்ன நாலு வருஷம்?

டெனா: அவங்க என் பதிலுக்குக் காத்திருக்கலை வெர்னன். நான்தான் அவங்க பதிலுக்குக் காத்திருந்தேன். நேத்தே ஒண்ணு கேட்டிருந்தேன். அது இல்லைன்னா நான் வரலைன்னு சொல்லிட்டேன்.

வெர்னன்: என்னத்தைக் கேட்டே? ரெண்டு விமானமா?

டெனா: நாலு வருஷத்துக்கு, ஒவ்வொரு நவம்பரும் டன்மோர் டீம் இங்க வந்து ஆடணும். நம்ம ஜிம்முல. பஸ்ல வந்து.

வெர்னன்: க்ளீட்டஸ் கடையை மூடிட்டு வருவான். ஊரே வரும்... இந்தச் சின்ன ஜிம்முக்கா? ஒத்துக்கிட்டாங்களா?

டெனா: எழுதித் தர்றாங்க. நன்றிக்கு இதைவிட எனக்கு எதுவும் தோணலை. வீடு வீடாப் போய்ப் பாத்திரத்தையா திருப்பிக் குடுக்க முடியும்?

வெர்னன்: பொண்ணுங்க கிட்ட இதைச் சொல்லு, அழறவங்ககூட எழுந்து குதிப்பாங்க... சரி வா, மணியாச்சு.

டெனா: இரு. காலைலேர்ந்து சொல்ல வந்ததை இப்பவாவது சொல்லிடறேன். குறுக்கே பேசினே, கொன்னுடுவேன். கோச் போனா, கூட இருக்கிறவங்களையும் கூட்டிட்டுப் போறதுதான் வழக்கம். யாரை வேணாலும் கூட்டிட்டு வான்னு அவங்களும் சொன்னாங்க. ஆனா நான் உன்னைக் கூப்பிடப் போறதில்ல வெர்னன். நேத்து பிரசிடென்ட் கிட்ட, நான் போனா வெர்னனைத்தான் கோச் ஆக்கணும்னு சொன்னேன். அவர் உடனே சரின்னார். உன்னைக் கேக்காமலே பேசிட்டேன். டன்மோர்ல உனக்கு இதைப்போல மூணு மடங்கு சம்பளம் கிடைச்சிருக்கும், அதை நான் தட்டிப் பறிச்ச மாதிரிதான். ராத்திரி பூரா தூங்கலை. என்மேல கோவமா?

வெர்னன்: கோவமா... போன செவ்வாய்க்கிழமை டன்மோர்காரங்க எனக்கும் போன் பண்ணாங்க டெனா. அவளைச் சம்மதிக்க வச்சா உனக்கும் அங்க இடம் இருக்குன்னாங்க. அவளை அனுப்பி வைக்கிறேன், எனக்கு இடம் வேண்டாம், ரெண்டு பேருமே போயிட்டா இந்தப் பொண்ணுங்களுக்கு யாரு இருக்கான்னுட்டேன். ஆனா நீ வாயைத் திறந்து வான்னு கூப்பிட்டுட்டா, மாட்டேன்னு சொல்ல எனக்கு வராது. அதான் காலைலேர்ந்து உன்னை ஒரு பேச்சு முழுசா பேச விடலை.