ஆறாம் நம்பர் செருப்பு

— சிரிக்காதீங்க. வயித்துல போட்ட தையல் பிரிஞ்சுக்கும்.

— நீ சிரிக்க வைக்கிற, நான் என்ன பண்ண? இல்லாத ஒருத்திகூடப் போய்ச் சண்டைக்கு நிக்கிற. அவ டம்மிம்மா. நான் டைப் அடிச்சு உண்டாக்கின ஆளு.

— சரி, இருக்கட்டும். அந்த டம்மிக்கு நம்ம வீட்டுல என்ன வேலைன்னு கேக்கறேன்.

— எத்தனை தடவை சொல்றது? செருப்புக் கடைக்காரரோட வெப்சைட் நான் எழுதினது. அது ஒழுங்கா ஓடுதான்னு தினம் யாராவது பார்க்கணும்ல? நானே உக்காந்து பார்த்தா மத்த பொழப்பு என்ன ஆகும்? அதுக்குத்தான் ஒரு புரோகிராம். காலைல ஆறு மணிக்குத் தானா ஓடும். ஒரு பொம்பளை மாதிரி கடைக்குள்ள போகும், செருப்பு எடுக்கும், முகவரி குடுக்கும், ஆர்டர் போடும். ஆர்டர் ஆயிடுச்சுன்னு மெயில் போனதும் கேன்சல் பண்ணிடும். நடுவுல எங்கயாவது இடிச்சா எனக்குச் சொல்லும். அதான் விஷயம்.

— ஒரு பொம்பளை மாதிரி.

— ஆம்பளையா வச்சிருந்தா நீ கேட்டிருக்கவே மாட்டே.

— ஆம்பளை ஆறாம் நம்பர் செருப்பு கேக்க மாட்டான்.

— என்னது?

— பழுப்பு கலர், பின்னால வார் வச்சது, ஆறாம் நம்பர். பதினொரு வருஷமா தினம் அதே செருப்பு. என் கால் எட்டு.

— ஏம்மா, ஏதாவது ஒரு நம்பர் போடணும்ல?

— போடணும்தான். பொறந்த தேதியும் ஏதாவது ஒண்ணு போடணும்தான். எங்க ஆஸ்பத்திரில தேதி தெரியாம வர்றவங்க எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்போம். நீங்க மார்ச் பத்தொன்பதுன்னு எழுதியிருக்கீங்க.

— நீ எப்ப என் ஃபைலை எல்லாம் தொறந்த?

— நீங்க படுத்திருந்த ஒன்பது நாள்ல. ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப, ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே எனக்குப் பாஸ்வேர்டு சொன்னீங்களே, மறந்துபோச்சா? ஊர்ல ஒவ்வொருத்தன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்குவான். நீங்க, ‘க்ளையன்ட் யாராவது மெயில் போட்டா பதில் சொல்லிடு’ன்னீங்க.

— எனக்கு மேல ஆபீஸா இருக்கு, லீவ் லெட்டர் குடுக்க? ஏழு க்ளையன்ட்டுக்கும் நான் ஒருத்தன். சரி, மெயிலைத்தானே பார்க்கச் சொன்னேன், புரோகிராமை நோண்டச் சொன்னேனா? அதைப் படிக்க உனக்கு என்ன தெரியும்?

— தேதியும் நம்பரும் படிக்கத் தெரியும். பதினாலு வருஷமா எக்ஸ்ரே எடுக்கறேன். வெளியில மட்டும் பார்த்துட்டு விடற பழக்கம் கிடையாது. சொல்லுங்க, யாரோட பொறந்தநாள்?

— தண்ணி குடு.

— இந்தாங்க. மெதுவா. குடிச்சிட்டீங்களா? யாரோட பொறந்தநாள்?

— பழைய ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. லிஃப்டுக்குப் பின்னால ரெண்டே ரெண்டு மேஜை. நான் புரோகிராம் எழுதுவேன், அவ டெஸ்ட் பண்ணுவா. நாள் பூரா உக்காந்து ஒரே பட்டனை அமுக்கறதுக்குப் பதிலா, அமுக்கற வேலைக்கே ஒரு புரோகிராம் எழுதலாமேன்னு ஆரம்பிச்சு வச்சவளே அவதான். முதல் டெஸ்டுக்கு ஒரு கஸ்டமர் வேணும்னப்ப அவளோட விவரத்தையே போட்டுட்டா. தேதி, செருப்பு அளவு, எல்லாம். அப்புறம் நான் அங்கேருந்து கழண்டு ஃப்ரீலான்ஸா வந்தேன். அந்த ஃபைலும் கூட வந்துச்சு. புது க்ளையன்ட் கிடைச்சா பழசைக் காப்பி பண்ணி, வேண்டியதை மட்டும் மாத்திக்குவோம். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான்.

— மாத்திக்குவீங்க.

— ஆமா.

— இவளை மட்டும் மாத்தலை.

— தோணலை. அதான் விஷயம்.

— சரி, இருக்கட்டும். ஏழு பேரோட ஃபைலையும் பார்த்துட்டேன். பஸ் டிக்கெட்காரன் வெப்சைட்ல உங்க டம்மி ஜன்னல் சீட்டுதான் கேக்கறா. லைப்ரரில பயணக் கதையா எடுக்கறா. கண்ணாடிக் கடைல அவளுக்கு இடது கண்ணுல பவர் அதிகம். இதெல்லாமும் அந்த முதல் ஃபைல்ல இருந்ததா?

— இல்ல.

— நீங்களா எழுதினது.

— ஏதாவது எழுதணுமேங்கறப்ப சட்டுன்னு கைக்கு வர்றதை எழுதறதுதான்.

— என் பொறந்தநாள் மட்டும் கைக்கு வராது. போன வருஷம் என் தம்பி போன் பண்ணி வாழ்த்தினப்புறம்தான் முழிச்சீங்க. அவளுக்கு வருஷம் தவறாம மார்ச் பத்தொன்பது காலைல வாழ்த்து போகுது.

— அது பொறந்தநாள் தள்ளுபடி சரியா வருதான்னு பார்க்கற டெஸ்டு!

— என்ன எழவோ இருக்கட்டும், எனக்கு வயிறு எரியுது. வாய் விட்டே சொல்றேன். நேர்ல வந்து நிக்கிறவளா இருந்தா ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிடுவேன். இவ உங்க கம்ப்யூட்டருக்குள்ள கால் நீட்டி உக்காந்துட்டு தினம் செருப்பு பார்த்துட்டு இருக்கா. கல்யாணம் ஆன புதுசுல ரயிலுக்குக் கிளம்பி, தெருமுனை வரைக்கும் போயிட்டு, பெட்டியோட என்னை நிக்க வச்சுட்டுத் திரும்பி ஓடி வந்தீங்க. கேஸை அணைச்சோமான்னு பார்க்கப் போறீங்கன்னு நெனச்சேன். கம்ப்யூட்டர் ஓடுதான்னு பார்க்கப் போயிருக்கீங்க.

— க்ளையன்ட்டுக்காகப் போனேன்!

— யாருக்காகப் போனீங்கன்னு இப்பத்தானே தெரியுது.

— இங்க பாரு. அதுல முடிஞ்சு போன கதைன்னு சொல்லக்கூட ஒண்ணும் இல்ல, ஆரம்பிக்கவே இல்ல. நான் சொல்லலை, அவளும் கேக்கலை. நான் ஆபீஸை விட்ட நாள்லேருந்து ஒரு போன் கிடையாது, ஒரு மெயில் கிடையாது. எந்த ஊர்ல இருக்கான்னு கூடத் தெரியாது. உன்மேல சத்தியமா.

— என்னை எதுக்கு இழுக்கறீங்க? மெயில் கிடையாதா?

— கிடையாது.

— அப்ப தினம் ஆர்டர் ஆயிடுச்சுன்னு போற மெயில் எங்க போகுது?

— டெஸ்டுக்குன்னே அந்தக் காலத்துல அவ தொறந்த முகவரி ஒண்ணு. அது எப்பவோ செத்துப் போயிருக்கும். யாரும் தொறந்து பார்க்காத டப்பா.

— பார்த்தீங்களா?

— எதை?

— செத்துடுச்சான்னு. எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கறவராச்சே.

— மெயில் எதுவும் திரும்பி வரலை. அப்படியே விட்டுட்டேன்.

— பார்த்தா நிறுத்தணும். அதனால பார்க்கலை.

— இருக்கலாம். எனக்கே தெரியலைம்மா. நீ கேக்கறப்பதான் உறைக்குது. கம்ப்யூட்டரை இப்படித் தள்ளு. ஏழுலயும் அவளை அழிச்சுட்டு ஜனவரி ஒண்ணுன்னு போட்டுடறேன். போதுமா?

— எழுந்திரிக்காதீங்க! படுங்க முதல்ல. நான் இன்னும் முடிக்கலை. உங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு நான் என்ன பண்ணேன்?

— வீட்டைப் பூட்டின.

— மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் பூட்டினேன். அவசரத்துல எந்த சுவிட்ச் எதுக்குன்னு தெரியலை, எல்லாத்தையும் அணைச்சேன். உங்க கம்ப்யூட்டரும் அணைஞ்சுபோச்சு.

— ஐயோ. கடைக்காரர் திட்டி எழுதியிருக்காரா?

— கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஏழு பேர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நாலாவது நாள் உங்களுக்கு ஒரே ஒரு மெயில்தான் வந்துச்சு. நீங்க செத்துப் போச்சுன்னு சொன்ன அந்த முகவரிலேருந்து.

— என்ன சொல்ற நீ?

— மனப்பாடமே ஆயிடுச்சு. ‘தினம் காலைல செருப்பு வந்துடும். ஒண்ணு ரெண்டு நாள் தவறும், சேர்ந்தாப்ல மூணு நாள் தவறினதில்ல. நீ நல்லா இருக்கல்ல?’ அவ்வளவுதான். பேர் கூடப் போடலை. ‘நீ’ன்னு கூப்பிடறா. ஒன்பது வருஷமா நான் ‘நீங்க’ளோட நிக்கறேன்.

— நாலாவது நாள் நான் எங்க இருந்தேன்?

— ஐ.சி.யூவுல. குடல் வெடிச்சு விஷம் ஏறிடுச்சு, நாங்க ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு டாக்டர் கையை விரிச்ச நாள். வாசல்ல தரையில உக்காந்து உங்க போன்ல அதைப் படிச்சேன். உலகத்துலயே உங்களுக்காகப் பயந்துட்டு இருக்கறது நான் ஒருத்திதான்னு நெனச்சுட்டு இருந்தேன். அதுலயும் பங்குக்கு ஒருத்தி.

— நீ என்ன பதில் போட்ட?

— நான் எதுக்கு அவளுக்குப் பதில் போடணும்? பொழைச்சுட்டீங்கன்னு டாக்டர் சொன்னதுக்கு மறுநாள், விடியறதுக்கு முன்னாடி ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். சுவிட்சைப் போட்டேன். இதோ, இந்த நாற்காலில உக்காந்து ஆறு மணி ஆகட்டும்னு பார்த்துட்டே இருந்தேன்.

— ஓட விட்டியா?

— விட்டேன். அவளும் தெரிஞ்சுக்கட்டும். ஆனா செருப்பை எட்டாம் நம்பரா மாத்திட்டுத்தான் விட்டேன்.