துத்தம் போட்ட பசை

— பசை எதுல காய்ச்சினே, பிருந்தா?

— மைதாவுலதான். கொஞ்சம் மயில்துத்தம் போட்டேன், பூச்சி அரிக்காது. எங்க அப்பா பழைய புஸ்தகத்தையெல்லாம் கட்டிச் சேக்கும்போது இப்படித்தான் காய்ச்சுவாக. எத்தனை வருசமானாலும் விடாது.

— விடாதா?

— விடவே விடாது. ஏன் இப்படித் தரையில உக்காந்துட்டிய? தை மாசம் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து பாக்கேன். ஆபீஸ் விட்டு வந்ததும் அந்தச் செருப்பு டப்பாவைத் திறந்து கிரிக்கெட்டுக்காரனுவ படத்தைப் பரப்புதிய, அடுக்குதிய, திரும்ப உள்ள போடுதிய. ஒரு ஆல்பம் பண்ணிக் குடுத்தா சந்தோசப்படுவியன்னு, நீங்க ஆபீஸ் போனப்புறம் உக்காந்து உக்காந்து ஒட்டினேன்.

— எல்லாத்தையுமா ஒட்டிட்டே?

— எல்லாத்தையும்தான். ஒரே ஆளு ரெண்டு மூணு இருந்தா, ரெட்டைப்பிள்ளைய மாதிரி பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கேன். நல்லாயில்லையா?

— நல்லாத்தான் இருக்கு.

— மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே.

— இதை ஒட்டக்கூடாது, பிருந்தா. எத்தனை மேட்ச், எத்தனை ரன், எத்தனை கேட்சுன்னு பின்பக்கத்துலதான் அச்சடிச்சிருக்கும். கார்டுன்னா ரெண்டு பக்கமும் பாக்கணும், கைமாத்தணும். ஒட்டியாச்சுன்னா அது வெறும் படம். ஒருத்தனும் மாத்திக்கிட மாட்டான்.

— இதை மாத்திக்கிட வேற ஆளுவளும் உண்டா?

— உண்டு. வளந்த ஆம்பளையளே உண்டு. பபிள்கம் வாங்குனா உள்ள ஒரு கார்டு. நமக்கு எது வேணுமோ அது வராது, அதுதான் இதுல உள்ள கொடுமை. பெட்டியோட வாங்கிப் பிரிச்சாலும் அதே ஆளுதான் வந்து வந்து சிரிப்பான். பபிள்கம்மை ஆபீஸ்ல குடுத்துக் குடுத்து, எங்க டபேதாருக்குப் பல்லுவலியே வந்துட்டு. வண்ணார்பேட்டை முக்குக் கடையில என்னைப் பாத்தாலே பயலுவ, 'இவரு வந்துட்டாரு, இனிமே நமக்கு மிஞ்சாது'ன்னு முனங்குதானுவ. மழை மாசம் வந்தா கார்டு வளையும். மூலை மடங்குனா அதோட கதை முடிஞ்சுது. அவ்வளவையும் பொறுத்துக்கிட்டுச் சேத்தேன்.

— இதுல ஒரு வார்த்தைகூட நீங்க என்கிட்ட சொன்னதில்லையே.

— எப்படிச் சொல்ல? தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு, பபிள்கம் கார்டு சேக்கேன்னு புதுப்பொண்டாட்டிகிட்டச் சொல்ல முடியுமா? வெக்கமா இருந்துது.

— பரப்பி வச்சிக்கிட்டு உக்கார வெக்கமில்ல, வாயத் திறந்து சொல்லத்தான் வெக்கமாக்கும். சரி, விடுங்க. ஒட்டத் தெரிஞ்சவளுக்கு உரிக்கத் தெரியாதா? இட்லிக் கொப்பரையில வெந்நி கொதிக்கட்டும். ஆவி பட்டா பசை இளகிரும்.

— நாலு மணி பஸ்ஸுக்கு அவரு வந்துருவாரே.

— யாரு?

— ராதாபுரத்துல இருந்து சிவசண்முகம். என்கிட்ட இல்லாத ஒரே கார்டு அவருகிட்ட இருக்கு. அறுபத்தொண்ணாம் நம்பர், கென்யா டீம் விக்கெட் கீப்பர்.

— பெரிய ஆளா?

— ஒருத்தருக்கும் தெரியாத ஆளு. அதனாலதான் கிடைக்க மாட்டேங்கு. பபிள்கம்முல அவன் வந்தா பயலுவ சாக்கடையில போட்டுட்டுப் போயிருவானுவ. பெரிய பெரிய ஆட்டக்காரனெல்லாம் என்கிட்ட மூணு மூணு இருக்கான். இவன் ஒருத்தனுக்காகத்தான் ஊர் ஊரா அலைஞ்சேன். அவனுக்குப் பதிலா என்கிட்ட மூணு கார்டு கேட்டிருக்காரு. இன்னைக்கு மாத்தலேன்னா தூத்துக்குடியில ஒருத்தருக்குக் குடுத்துருவாரு.

— அந்த மூணை மட்டும் முதல்ல உரிப்போம். இங்கன வாங்க. ஆல்பத்தை நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க பைய இழுங்க.

— பைய, பைய. இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு. உன் கையில ஆவி அடிக்காம.

— என் கையை விடுங்க. மூலை கிளம்புது, பாத்தியளா?

— ஆமா. வருது. வருது.

— ஏன் நிறுத்திட்டிய?

— மூஞ்சி மட்டும் தனியா வந்துட்டு, பிருந்தா. முதுகு அங்கனயே ஒட்டிக்கிட்டு நிக்கி.

— ஐயோ. அடுத்ததைப் பாப்போம்.

— வேண்டாம். எல்லாம் இப்படித்தான் வரும். துத்தம் போட்ட பசைல்லா, விடாதுன்னு நீயே சொன்னே.

— என்னை வையுங்களேன். நாலு வார்த்தை வைதுட்டாக்கூட எனக்கு மனசு ஆறும்.

— நீ எதுக்கு அழுவுதே? யாரும் உன்னை ஒண்ணும் சொல்லலையே.

— அத்தை போன வாரம் சாத்தான்குளத்துல இருந்து வந்தாகள்லா, அப்ப அந்த டப்பாவைப் பாத்துட்டாக. கல்யாணமான பிறகும் இந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டு எதுக்கு, ஆக்கர் கடையில எடைக்குப் போட்டுருன்னு சொன்னாக. எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. டப்பாவுல கிடந்தாத்தானே குப்பைன்னு தோணும், புஸ்தகமா இருந்தா யாரும் தூக்கிப் போட மாட்டாகன்னு நினைச்சேன். அதுக்குத்தான் ஒட்டினேன்.

— அம்மாகிட்ட இருந்து காப்பாத்தவாக்கும் ஒட்டினே.

— சிரிக்காதிய. அந்தப் பக்கத்தை ஏன் புரட்டுதிய? வேற எதையும் பிய்ச்சிராதிய.

— பிய்க்கலை. பாக்கத்தான் செய்யுதேன். இதெல்லாம் நம்பர் வரிசையாவா ஒட்டியிருக்கே?

— பின்னே? பின்பக்கத்துல நம்பர் இருக்குல்லா. ஒவ்வொண்ணாப் பாத்து அடுக்கிட்டுத்தான் பசையைத் தொட்டேன்.

— இங்கன ஒரு கட்டம் காலியாக் கிடக்கு. பென்சில் கோடு போட்டு வச்சிருக்கே.

— அது அறுபத்தொண்ணு. அறுபதுக்கு அப்புறம் அறுபத்திரெண்டு வந்துது. பதறிப் போயிட்டேன், நான்தான் எங்கயோ தொலைச்சுட்டேனோன்னு. கட்டிலுக்கு அடியில, உங்க சட்டைப் பையில, அரிசிப் பானைக்குப் பின்னால எல்லாம் தேடினேன். சரி, என்னைக்காவது கிடைக்கும்னு இடம் விட்டு ஒட்டினேன்.

— அடுப்பை அமத்திரு, பிருந்தா.

— இன்னும் ரெண்டு இருக்கே.

— இருக்கட்டும். இனி ஒண்ணையும் உரிக்க வேண்டாம். இங்கன வந்து உக்காரு.

— கோவமா இருக்கியளா?

— கோவமில்ல. வருத்தம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். நான் எடுத்த காரியம் ஒண்ணையும் முழுசா முடிச்சதே கிடையாது. எம்.காம்.ல சேந்தேன், பாதியில விட்டுட்டேன். டைப்ரைட்டிங் ஹையர் எழுதாம விட்டேன். இந்த ஒண்ணையாவது முடிச்சு, முழுசா இருக்குன்னு ஒருநாள் எனக்கு நானே பாத்துக்கிடணும்னு இருந்துது. அவ்வளவுதான்.

— அதையும் நான் கெடுத்துட்டேன்.

— கேளு. இத்தனை வருசத்துல இந்தக் கார்டோட நம்பரைப் பாத்த ஆளு வீட்டுல ஒருத்தரும் கிடையாது. இல்லாததைத் தேடி நீ அரிசிப் பானைக்குப் பின்னால வரைக்கும் போயிருக்கே.

— அது கிடக்கட்டும். அந்த ராதாபுரத்தாருக்கு இனிமே என்ன பதில் சொல்லுவிய?

— அதுதான் சங்கடம். கார்டு போனாக்கூடப் போகட்டும். இந்த ஜில்லாவுலயே வெவரமான ஆளுன்னு அவரு என்னை ஒருத்தனைத்தான் சொல்லுவாரு. நெல்லையப்பன்னு ஒருத்தன், கார்டுல மஞ்சக்கறை பட்டுட்டுன்னு அவன்கூடப் பேச்சையே விட்டுட்டாரு. ஒட்டியிருக்குன்னு பாத்தாருன்னா, இனிமே என்னை மனுசனா மதிக்க மாட்டாரு.

— நான்தான் செஞ்சேன்னு சொல்லிருங்க. பொம்பளைக்கு வெவரம் பத்தலைன்னு நினைச்சுட்டுப் போறாரு. உங்க மரியாதைக்கு ஒண்ணும் வராது.

— கதவு தட்டுதாப்ல இருக்கு.

— நான் போய்த் திறக்கேன். வாங்க அண்ணாச்சி, உள்ள இருக்காக.

— இருக்கட்டும் தங்கச்சி. என்னவே மகேஸ்வரன், முகமெல்லாம் வேத்திருக்கு? காயலா?

— இல்ல வே, அடுப்புப் பக்கத்துல நின்னேன். வாரும், உக்காரும்.

— பஸ்ஸுல கால் வைக்க இடமில்ல. கசங்கிரக்கூடாதுன்னு டிபன் டப்பாவை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே வாறேன். இந்தா பாரும், கென்யாக்காரன். தொடாதேயும், கண்ணால பாரும். ஒரு கீறல் உண்டா?

— இல்ல வே. அம்சமா இருக்கான்.

— உம்ம மூணையும் எடும். எனக்கு முதல்ல பின்பக்கம் பாக்கணும்.

— காபி குடிச்சிட்டுப் பாப்போமே.

— காபி எங்க போகுது? அது என்னவே, ஆல்பமா? இப்படித் தாரும். அட, வரிசையால்லா வச்சிருக்கீரு. ஓய். என்னவே இது, எடுக்க வர மாட்டேங்கு?

— வராது வே.

— ஒட்டியா இருக்கு? எல்லாமா? தூத்துக்குடிக்காரன் கெஞ்சிக் கேட்டும், இது மகேஸ்வரனுக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே. வெவரம் தெரிஞ்ச ஒருத்தன் இருக்க வீட்டுல நடக்குத காரியமா இது? எந்த மடச் சாம்பிராணி செஞ்ச வேலைவே?

— அண்ணாச்சி, அது வந்து...

— நீ போய்க் காபியைப் பாரு, பிருந்தா. நான்தான் வே ஒட்டினேன். இவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா.