காருக்குத் தைத்த சட்டை

— மெதுவா மாமா... அப்படி இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்.

— கிழியாதும்மா. இரட்டைத் தையல். நான் தைச்சது கிழிஞ்சு என்னிக்காவது பார்த்திருக்கியா?

— காருக்குச் சட்டை தைச்ச டெய்லர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். சைடு கண்ணாடிக்குத் தனியா கை வேற வச்சிருக்கீங்க!

— கை வைக்கலைன்னா அந்த இடத்துல சுருக்கம் விழும். சுருக்கத்துல தண்ணி தேங்கும், துருப் பிடிக்கும். சும்மா அழகுக்கு வைக்கலை.

— சரி, அந்தப் பக்கம் பட்டனைக் கழட்டுங்க... ஐயோ, எத்தனை பட்டன்!

— ஜிப் வைக்கலாம்னுதான் பார்த்தேன். இவ்வளவு நீளத்துக்குக் கிடைக்கலை.

— ... அப்படியே இருக்கு மாமா. நேத்து சாயங்காலம் கொண்டுவந்து விட்ட மாதிரி.

— ம்.

— வாசனைதான் வேற மாதிரி. துணிப் பெட்டியைத் திறந்தா வருமே...

— அந்துருண்டை. எலி வந்து ஒயரைக் கடிக்கக் கூடாதுன்னு மூலைமூலைக்குப் போட்டு வச்சேன். கரைஞ்சதும் புதுசு போட்டுடுவேன்.

— நீங்களா? இந்த ஷெட்டுப் பக்கமே யாரும் வர்றதில்லைன்னுல நினைச்சிட்டிருந்தேன்.

— நீ வேலைக்குக் கிளம்பினப்புறம் வருவேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— சொன்னா நீயும் வருவே. உன் புருஷன் வண்டியைப் பார்த்து நீ ஒரு பக்கம் நிப்பே, என் பிள்ளை வண்டியைப் பார்த்து நான் ஒரு பக்கம் நிப்பேன். எதுக்கு?

— ... தள்ளுங்க, பானட்டைத் திறக்கிறேன்.

— என்ன... இன்ஜின் இறுகிப் போயிருக்குமா? இத்தனை வருஷம் ஆச்சே.

— இல்லை. காலையில நீங்க கடைக்குப் போனப்போ, சட்டையைக் கழட்டாம அடியில படுத்து ஸ்பேனர் போட்டுச் சுத்திப் பார்த்துட்டேன். நல்லாச் சுத்துது. கடன் வாங்கின பேட்டரியை மாட்டணும், பழைய டீசலை எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும், ஃபில்டர் மாத்தணும், ஏர் எடுக்கணும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள ஓடிடும்.

— சாயங்காலத்துக்குள்ளயேவா?

— என்ன மாமா, ஓடக் கூடாதா?

— சேச்சே! ஓடணும். ஓடினாத்தானே உனக்கு அந்த ஊர்ல வேலை. திங்கக்கிழமை சேரணும்னு சொல்லியிருக்காங்கல்ல?

— சொந்த வண்டியோட வந்தா சேர்ந்துக்கோங்க, இல்லைன்னா அடுத்த ஆள் இருக்காருன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி, ஐஸ் ஃபேக்டரி எல்லாத்துலயும் அந்தக் கம்பெனி ஜெனரேட்டர்தான். எது நின்னாலும் ரிப்பேர் பண்ண நான் ஓடணும். அந்த டூல் பெட்டியைத் தூக்கிட்டு பஸ்ல ஏற முடியுமா?

— முடியாது, முடியாது. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் மருமக இன்ஜினியர் மாதிரி போறா, கார்ல போறான்னு.

— எல்லாரும் என்ன சொன்னாங்க?

— என்ன சொல்வாங்க... 'நீங்க தனியா என்ன பண்ணுவீங்க'ன்னாங்க. எனக்கென்ன, மெஷின் இருக்கு, வீடு இருக்கு. பொழுது தன்னால போகும்னேன்.

— அப்படியா சொன்னீங்க?

— வேற என்ன சொல்றது?

— ... மாமா, இங்க பின்னாடி வாங்க. சைலன்ஸர் வாயில இது என்ன... தலையணையா?

— அது... வெட்டுத் துணியை உருட்டித் தைச்சது. எலி உள்ள போய்க் குட்டி போட்டா?

— அளவெடுத்துத் தைச்சிருக்கீங்க! நூல் பிடிச்ச மாதிரிப் பொருந்தியிருக்கு. இதை எடுக்காம ஸ்டார்ட் பண்ணினா வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கும். இதை ஏன் முன்னாடியே சொல்லலை?

— நீ கேட்கலையே.

— சைலன்ஸர்ல தலையணை இருக்கான்னு எந்த மெக்கானிக் கேட்பான்? இன்னும் எங்கெங்க அடைச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க.

— காத்து இழுக்கிற வாயில ஒண்ணு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— ... டேங்க் மூடிக்கு அடியில சின்னதா ஒண்ணு.

— கடவுளே! எல்லாத்தையும் உருவி இந்த மரப்பெட்டி மேல வைங்க. டீசல் உறிஞ்ச ஒரு குழாய் வேணும். அந்தச் சுருள்லேர்ந்து ஒரு ரெண்டு மீட்டர் வெட்டுங்க.

— அளவு டேப் இருந்தா நூல் பிசகாம வெட்டுவேன். போன வாரத்துலேர்ந்து காணோம். நீ எங்கயாவது பார்த்தியா?

— ... கையால அளந்து வெட்டுங்க மாமா. குழாய்தானே, கல்யாணச் சட்டையா?

— கழுத்துல டேப் இல்லாம நின்னா எனக்கு வேட்டி இல்லாம நிக்கிற மாதிரி இருக்கு. முப்பது வருஷம் கழுத்துல கிடந்தது.

— கிடைக்கும் மாமா, எங்க போகப் போகுது... ஐயய்யோ, டீசலைப் பாருங்க. கறுத்து, நாறிப்போய்.

— கெட்டுப்போச்சா?

— கெடாம? இத்தனை வருஷம் அசையாம ஒரே இடத்துல கிடந்தா எதுதான் கெடாது?

— ... ஆமா.

— உங்களைச் சொல்லலை. ஏன் முகம் சுருங்குது?

— நான் எங்க அசையாம கிடந்தேன்? மெஷினை மிதிச்சிட்டுதானே இருக்கேன்... ஆமா, அந்த ஊர்ல வீடு பார்க்கப் போனியே, ஒண்ணும் சொல்லலையே. எப்படி இருக்கு?

— சின்ன வீடுதான். கீழ் வீடு.

— கீழயா? மாடியில காத்து வரும், மாடிதான் வேணும்பியே. மாடி வீடு கிடைக்கலையா?

— கிடைச்சுது. வேணாம்னுட்டேன். படி ஏறணும்.

— நீயா? ரெண்டு ரெண்டு படியாத் தாவுறவ நீ!

— ... டூல் பெட்டி கனம் மாமா. அந்த ஃபில்டரை எடுங்க. அது இல்லை, பக்கத்துல இருக்கிறது.

— இதுவா?

— ஆங். இப்ப கேளுங்க. இந்தக் கைப்பம்பை நான் அமுக்க அமுக்க டீசல் மேல ஏறும். நடுவுல காத்து மாட்டியிருந்தா இன்ஜினுக்கு டீசல் போகாது. அந்தக் காத்தை வெளிய விடறதுக்குப் பேர்தான் ஏர் எடுக்கிறது. நான் இங்க பார்த்துக்கிறேன். நீங்க போய் சீட்ல உட்கார்ந்து நான் சொல்றப்போ சாவியை முழுசாத் திருப்பி செல்ஃப் அடிக்கணும்.

— நானா? எனக்கு வண்டியில தெரிஞ்சதே ஒண்ணே ஒண்ணு. இந்தக் கறுப்புக் குமிழை வெளிய இழுத்தா இன்ஜின் நிக்கும். உன் புருஷன் வாசல்ல வண்டியை ஓடவிட்டுட்டு, 'அப்பா, நிறுத்திடுங்க'ன்னு கத்திட்டு உள்ள ஓடுவான். நான்தான் வந்து இழுத்து நிறுத்துவேன்.

— எதுக்கு ஓடுவாரு?

— நீ சமைச்சு வச்சிருப்பே, ஆறிடும்னு.

— ... சாவி சொருகியே இருக்கு. உட்காருங்க.

— கால் எட்டலைம்மா. சீட் எவ்வளவு பின்னாடி இருக்கு பாரு. அவன் கால் நீளம்.

— கீழ ஒரு கம்பி இருக்கும், அதைத் தூக்கிட்டு முன்னாடி நகர்த்திக்கோங்க.

— வேணாம். நுனியில உட்கார்ந்துக்கிறேன்.

— நாளைக்கு நான் ஓட்டணும்னா நகர்த்தித்தானே ஆகணும்?

— நீ நகர்த்திக்கோ. நான் நகர்த்த மாட்டேன்.

— ... சரி. கியர் நியூட்ரல்ல இருக்கா? ஆட்டிப் பாருங்க.

— ஆடுது.

— சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்புங்க. ஒரு மஞ்ச லைட் எரியும். அணைஞ்சதும் செல்ஃப் அடிங்க.

— இரு, இரு... கொஞ்சம் சரியா உட்கார்ந்துக்கிறேன்... ம். எரியுது... அணைஞ்சிருச்சு. அடிக்கவா?

— ... அடிங்க.

— ... ஓடலையே.

— ஆமா. ஓடலை.

— என்னவா இருக்கும்?

— என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க?

— எனக்கு என்ன தெரியும்! நான் டெய்லர்.

— ஏர்தான். இன்னும் காத்து இருக்கும் போல. திரும்ப அமுக்கறேன்.

— நல்லா எடும்மா. பொறுமையா எடு. அவசரமே இல்லை.

— அவசரம் இல்லையா? திங்கக்கிழமை மாமா.

— அதுக்கில்லை... வேலையைத் திருத்தமாப் பண்ணணும்ல, அதைச் சொன்னேன்.

— ம். அடிங்க.

— ... ம்ஹும். சுத்துது, பிடிக்க மாட்டேங்குது.

— என்ன பிடிவாதம் பாருங்க இந்தக் காத்துக்கு. உள்ள உட்கார்ந்துக்கிட்டு வெளிய வரவே மாட்டேங்குது.

— சிலது அப்படித்தான்.

— வாயைத் திறந்து வெளிய வந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி.

— ... காத்துக்கு வாய் எங்கம்மா இருக்கு?

— அதைத்தான் நானும் பார்த்துட்டிருக்கேன். மாமா, இன்னிக்கு இது ஓடலைன்னா நான் போக முடியாது. தெரியும்ல?

— அதான் எனக்கும் கவலையா இருக்கு.

— கவலையாவா இருக்கு?

— இருக்காதா பின்ன? படிச்சு, ஆம்பளைங்களோட மல்லுக்கட்டி இந்த வேலையைக் கத்துக்கிட்டே. அவன் காய்ச்சல்னு படுத்து எழுந்திருக்காமலே போனப்போ எல்லாரும் உன்னை அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. போகாம என்கூட நின்னே. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கிழவனுக்குக் காவல் இருப்பே? நீ போய்த்தான் ஆகணும்.

— காவலா இருக்கேன்னு நான் சொன்னேனா?

— நீ சொல்ல மாட்டே.

— நீங்களும் சொல்ல மாட்டீங்க. நல்ல பொருத்தம்... அடிங்க.

— ... இல்லை.

— செல்ஃப் சத்தம் மாறுது, கேட்டீங்களா? பேட்டரி இறங்குது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் தாங்கும். அதுக்கு முன்னாடி உங்களை ஒண்ணு கேட்கணும்.

— கேளேன்.

— உங்க இடது முட்டி ஏன் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குது?

— முட்டி... வலி. உனக்குத் தெரியாததா?

— வலியா, இல்லை முட்டிக்குப் பின்னாடி அந்தக் கறுப்புக் குமிழா? இழுத்து வச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சிட்டிருக்கீங்க.

— அங்கேர்ந்து உனக்கு எப்படித் தெரியும்? முட்டி குமிழை மறைக்குதே.

— குமிழை இழுத்தா நிக்கும்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், அதோட கம்பி எங்க வந்து முடியுதுன்னு சொல்லிக் கொடுக்கலை. இங்க வருது மாமா. என் மூக்குக்கு நேரா. நீங்க இழுத்தா இங்க ஒரு லிவர் சாயும். டீசல் நின்னுடும்.

— ... எப்ப பார்த்தே?

— 'சரியா உட்கார்ந்துக்கிறேன்'னு சொன்னீங்களே, அப்பவே. முதல் தடவை செல்ஃப் அடிக்கிறதுக்கும் முன்னாடி.

— வெட்கமா இருக்கும்மா. உன் வேலையைக் கெடுக்கணும்னு இல்லை. சத்தியமா இல்லை. காலையிலேர்ந்து மனசைத் தேத்திட்டுத்தான் வந்தேன். இந்த சீட்ல உட்கார்ந்ததும் கை தானாப் போய் இழுத்துடுச்சு. ஒரு நாள்... இன்னும் ஒரு நாள் தள்ளிப்போனாப் போதும்னு இருந்தது. நீ இல்லாத வீட்டுல விளக்கைப் போடறதை நினைச்சா பயமா இருக்கு.

— போகாதேன்னு சொல்லியிருக்கலாமே.

— எந்த பாத்தியதையில சொல்ல? உன்னை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தவனே இல்லை. அதுவும், நான் சொன்னா நீ நின்னுடுவே. அது இதைவிடக் கொடுமை.

— நின்னிருப்பேன்தான்.

— சரி, பார்த்துட்டே. பார்த்தப்புறமும் எதுக்கு ஏர், ஏர்னு கை வலிக்க அந்தப் பம்பை அமுக்கிட்டிருந்தே? 'தள்ளுங்க மாமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தள்ளியிருப்பேனே!

— தள்ளியிருப்பீங்க. வண்டி ஓடியிருக்கும். நீங்களும் வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே கையாட்டியிருப்பீங்க. நானாக் கூப்பிட்டா 'வேணாம்மா, உனக்குப் பாரம்'னு சொல்லிடுவீங்க. நீங்க ஒரு தடவை வேணாம்னுட்டா அப்புறம் யார் சொன்னாலும் மாற மாட்டீங்க. அதான் நீங்களா 'நானும் வர்றேன்'னு சொல்ற வரைக்கும் ஏர் எடுக்கலாம்னு இருந்தேன்.

— நானா? அங்க நான் வந்து என்னம்மா பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது தையல் ஒண்ணுதான். ஒரு சின்ன வீட்டுல உனக்கே இடம் இருக்காது, என் மெஷினை எங்க கொண்டுபோய்ப் போடறது?

— உங்க அளவு டேப் என் டூல் பெட்டிக்குள்ள இருக்கு மாமா. வீடு பார்க்கப் போனப்போ எடுத்துட்டுப் போனேன். முன் ரூம் ஜன்னல் ஓரத்துல உங்க மெஷின் உட்காருது, பக்கத்துல வெட்டுற மேசைக்கும் இடம் இருக்கு, ரெண்டு தடவை அளந்துட்டேன்... இப்ப அந்தக் குமிழை உள்ள தள்ளுங்க.