என் பெயரில் பலி கொடுத்தவள்

என் பெயர் ஸோசிமே. வயது முப்பத்திரண்டு. தகப்பனார் ஆர்கெலஸ், காலமாகிவிட்டார். மக்கெதோனியா மாகாணம் தெசலோனிக்கே நகரில், துறைமுக வாசலுக்கு அருகில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் கல்லிப்பஸ் என்பவரின் மனைவி. நான் கிறிஸ்தவள். யாரும் வற்புறுத்தாமல், நானாகவே இந்த விசாரணை மன்றத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எல்லோரும் கோயிலில் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து, அதற்குச் சான்றாகச் சீட்டு வாங்க வேண்டும், வாங்காதவர்களுக்குச் சிறை அல்லது மரணம் என்று பேரரசரின் ஆணை சென்ற மாதம் சந்தையில் வாசிக்கப்பட்டது. நான் போக மாட்டேன் என்று கணவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் மறுக்காமல் மாவு பிசைந்துகொண்டிருந்தார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சபை கூடும் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி தொம்னினா கதவைப் பாதி திறந்தாள். எனக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று என் தலையைத் துவட்டிவிட்டவள் அவள். "பலி கொடுத்தவங்க பேரெல்லாம் கோயில் சுவர்ல எழுதி வச்சிருக்காங்க. உன் பேரும் இருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்தே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். அவர் மாவுப் பானைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். தன் தங்கை யூபோரியாவுக்கு என் முக்காட்டைப் போட்டு, என் பெயரைச் சொல்லிக் கோயிலுக்கு அழைத்துப் போனதாக ஒப்புக்கொண்டார். யூபோரியாவும் அங்கேதான் நின்றாள். "ஒரு சிட்டிகை சாம்பிராணி, ஒரு வாய் பலிக்கறி. அவ்வளவுதான் அண்ணி. உங்க உயிருக்காக நான் மென்னு முழுங்கினேன். அதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறீங்களே!" என்றாள். கணவர், "உன்னைப் பொணமா பாக்க என்னால முடியாதுடி" என்று அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொண்டுபோய்ப் பலிபீடத்தில் வைக்க இவர் யார்?

அந்தச் சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் 'இடது புருவத்தில் தழும்பு உள்ளவள்' என்று அடையாளம் எழுதியிருக்கிறது. தழும்பு யூபோரியாவுக்குத்தான் உண்டு. என் புருவத்தை இந்த மன்றத்தின் அதிகாரி அவர்களே பார்த்தார். 'எழுதத் தெரியாதவள், அவளுக்காகக் கணவர் கையொப்பமிட்டார்' என்றும் இருக்கிறது. எங்கள் ரொட்டி மேல் பதிக்கும் மர அச்சில் கடைப் பெயரைச் செதுக்கியவளே நான்தான்.

"சீட்டு கையில இருக்கும்மா. பேசாம எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. நான் எதையும் கேக்கல" என்று அதிகாரி இரண்டு முறை சொன்னார். மறுத்துவிட்டேன். என்ன தண்டனை கிடைக்கும் என்பதையும் விளக்கினார். புரிந்துகொண்டேன். கணவரையும் நாத்தனாரையும் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. கோயில் சுவரிலிருந்து என் பெயரை அழிக்க வேண்டும். அழிப்பதைத் தொம்னினா வந்து பார்க்க வேண்டும்.

மேற்சொன்னதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கடைசியில் வழக்கம்போல் 'எழுதத் தெரியாதவள்' என்று அவர் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு, எழுதுகோலை என்னிடம் கொடுத்தார்.

ஒப்பம்: ஸோசிமே. என் கையால்.